சேர்த்து அனுப்பிய பாத்திரங்கள்

காலி இடத்துக்குக் காசு கொடுப்பது என்றால் ஆக்னஸுக்கு ஆகாது. அவளைக் கஞ்சம் என்று நினைத்துவிட வேண்டாம். அந்தக் காசு அவளுடையது இல்லை, வாங்குகிறவர்களுடையது. மேனாம்பேட்டில் முன்னால் ஒன்றும் பின்னால் ஒன்றுமாக இரண்டே அறை உள்ள வாடகை வீட்டில் உட்கார்ந்துகொண்டு, எவர்சில்வர் பாத்திரங்களை வாட்ஸ்அப்பில் படம் போட்டுத் தமிழ்நாடு முழுக்க விற்றுக்கொண்டிருந்தாள். கடையில் கண்ணாடிக்குப் பின்னால் மினுக்கிக்கொண்டு நிற்கும் பாத்திரங்கள் இல்லை. ஆவடிப் பக்கம் ஒரு பட்டறையில், விளிம்பு லேசாக நசுங்கியது, பாலிஷ் ஒரு பக்கம் ஏறாதது, மூடி கொஞ்சம் தள்ளி உட்காருவது என்று ஒதுக்கிப் போட்டதை மூட்டையாக எடுத்து வருவாள். நசுங்கல் எங்கே என்று விரல் வைத்துக் காட்டித்தான் படம் எடுப்பாள். விலை பாதி. அதனால் முந்நூறு சொச்சம் பேர் அவளிடம் வாங்கினார்கள்.

விலையைப் பாதியாகக் குறைத்து என்ன பயன், கூரியர் செலவு மீதிப் பாதியைத் தின்றுவிடும். கூரியர்காரர்களின் கணக்கு ஒரு தினுசானது. தராசில் வரும் எடை ஒன்று. பெட்டியின் நீள அகல உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி ஐயாயிரத்தால் வகுத்து, அதையும் கிலோ என்று சொல்வார்கள். இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் பில். மூன்று கிலோ பானையை அனுப்பினால், அதன் வயிற்றுக்குள் இருக்கும் காற்றையும் சேர்த்து எட்டு கிலோவுக்குக் காசு கேட்பார்கள். ஆக்னஸ் இந்த அநியாயத்தோடு சண்டை போடவில்லை. பானைக்குள் குண்டானை வைத்தாள். குண்டானுக்குள் சொம்பை வைத்தாள். சொம்புக்குள் கரண்டியைச் சொருகினாள். ஒரு பொருள் மட்டும் கேட்டு யார் எழுதினாலும், "அவசரமா? இல்லன்னா எடுத்து வெக்கிறேன், இன்னும் ரெண்டு சேந்ததும் ஒண்ணா அனுப்பிடலாம்" என்று பதில் போடுவாள். கட்டிலுக்கு அடியில் ஆளுக்கொரு அட்டைப்பெட்டி. அதன் மேல் மார்க்கரில் பெயர், பக்கத்தில் 'ஹோல்ட்'. நாற்பத்தைந்து நாள் கெடு. ஒரே நம்பரிலிருந்து வருவதெல்லாம் ஒரே பெட்டியில் போகும். இதற்காகவே அவளிடம் வாங்கியவர்கள் உண்டு.

பெட்டி அடுக்குவது அவளுக்குப் பிழைப்பாக இருந்த வேலைதான். இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் பிரேக் உதிரிபாகம் செய்த ஒரு கம்பெனியில் இருபத்திரண்டு வருடம் பேக்கிங் செக்ஷனில் நின்றவள். முப்பது பீஸ் கொள்ளும் என்று ஆபீசர் எழுதி ஒட்டிய பெட்டியில் முப்பத்தாறு பீஸ் வைத்து மூடிக் காட்டி, அதற்காக ஒரு சுவர்க்கடிகாரம் பரிசு வாங்கியவள். அந்தக் கம்பெனி ஒரு மார்ச் மாதம் ஷட்டரை இறக்கிவிட்டது. அதே வருடம் செப்டம்பரில், சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த அவள் புருஷன் இக்னேஷியஸ் அப்படியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார், எழுந்திருக்கவில்லை. ஆக்னஸ் முதலில் இஸ்திரிப் பெட்டியின் ஸ்விட்சை அணைத்தாள். சட்டையை மடித்து வைத்தாள். அதற்குப் பிறகுதான் பக்கத்து வீட்டைக் கூப்பிட்டாள்.

அழவில்லை. கோயிலின் அன்பிய ஜெபக் கூட்டத்துப் பெண்கள் இதை ஒரு மாதம் பேசினார்கள். சிலர் அவள் கல்நெஞ்சக்காரி என்றார்கள், சிலர் அதிர்ச்சி என்றார்கள், கஸ்தூரி என்கிற பக்கத்து வீட்டம்மாள் மட்டும் "அழுதுடு ஆக்னஸ், உள்ளயே வெச்சுக்காதே" என்று தினமும் காபியோடு வந்து உட்கார்ந்தாள். உள்ளே எதுவும் இருந்தால்தானே. பல் பிடுங்குவதற்கு முன்னால் ஊசி போட்ட கன்னம் மாதிரி இருந்தது ஆக்னஸுக்கு. கன்னம் இருக்கிறது, தொட்டால் வேறு யாருடையதோ. புனேயில் வேலை பார்க்கும் மகள் ஸ்வீட்லின் ஞாயிற்றுக்கிழமை போன் செய்து சாப்பிட்டாயா என்று கேட்பாள். சாப்பிட்டேன் என்று இவள் சொல்வாள். என்ன சாப்பிட்டாய் என்று கேட்டால் மட்டும் யோசிக்க வேண்டியிருக்கும். இப்படியே இரண்டு வருடம் போயிற்று. பார்க்கிறவர்களுக்கு ஒரு குறையும் தெரியாது. பாத்திரம் வந்தது, போனது, காசு ஏறியது, கோயிலுக்குப் போனாள், பூசையில் எழுந்திருக்க வேண்டிய இடத்தில் எழுந்து நின்றாள்.

பவ்யா அவளிடம் வாங்க ஆரம்பித்தது ஒரு நவம்பரில். சேலத்துக்காரி. முதலில் ஒரு லிட்டர் குண்டான் ஒன்று. அனுப்பவா என்று ஆக்னஸ் கேட்டதற்கு, இருக்கட்டும் அக்கா, சேர்த்து வாங்கிக்கொள்கிறேன் என்று எழுதினாள். பத்து நாள் கழித்து ஒரு சின்ன வாணலி. பிறகு இரண்டு தட்டு, ஒன்று பெரியது, ஒன்று குழந்தைகளுக்கான நடுத்தடுப்பு வைத்தது. பிறகு மூன்று டம்ளர், பால் காய்ச்சும் பாத்திரம். இருநூறுக்கு மேல் ஒரு தடவைகூட வாங்கியதில்லை. அக்கம்பக்கத்துக்கு ரவிக்கை தைத்துக் கொடுத்த காசு அது, கிடைக்கக் கிடைக்க வாங்கினாள். பெட்டி நிறைந்துகொண்டு வந்தது. நாற்பத்தைந்து நாள் கெடு தாண்டி ஜனவரியும் பிறந்ததும், முகவரி கேட்டு ஆக்னஸ் எழுதினாள். பதில் வரவில்லை. மறுநாள் மத்தியானம் போனே வந்தது.

பின்னால் தண்ணீர் மோட்டார் ஓடும் சத்தம். பவ்யா மொட்டைமாடியிலிருந்து தணிந்த குரலில் பேசினாள்.

"அக்கா, அந்தப் பெட்டிய எங்கயும் அனுப்பிடாதீங்க. அது எனக்கும் என் பாப்பாவுக்கும். நாங்க ரெண்டு பேர் மட்டும்."

"சரிம்மா."

"ஜூன்ல பாப்பாவ ஸ்கூல்ல சேக்கணும். அதுக்குள்ள நான் இங்கிருந்து கிளம்பிடுவேன். வேப்பம்பட்டுல ஒரு ரூம் பாத்து வெச்சிருக்கேன். ஆவடியில ஒரு ஆஸ்பத்திரியில பில் போடுற வேலை இருக்குனு என்கூடப் படிச்ச பொண்ணு சொல்லியிருக்கா. வந்ததும் நானே உங்க வீட்டுக்கு வந்து எடுத்துக்கறேன். இங்க ஒருத்தருக்கும் தெரியாது. தெரிஞ்சா என்னை வாசல் தாண்ட விடமாட்டாங்கக்கா. இப்பவே அவரு போனை வாங்கிப் பாக்குறாரு. உங்ககிட்ட பேசுறதெல்லாம் உடனே அழிச்சிடுவேன்."

"சரிம்மா. ஜூன்லயே எடுத்துக்க."

"ஒரு பாத்திரம்கூட இல்லாம போய் நின்னா, ரெண்டே நாள்ல திரும்பி வரவேண்டியதாயிடும். அதான் சேத்துக்கிட்டிருக்கேன்."

வேறு யாராக இருந்தாலும் கேட்டிருப்பார்கள். ஏம்மா, அடிக்கிறானா, உன் அப்பா அம்மா எங்கே, பிள்ளைக்கு என்ன வயசு என்று பத்து கேள்வி வந்திருக்கும். கஸ்தூரியாக இருந்தால் போனிலேயே அழுதிருப்பாள். ஆக்னஸ் அப்போது பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு உரித்தபடியே கேட்டாள். வைத்ததும் நோட்டை எடுத்து, பவ்யா என்று இருந்த இடத்துக்கு எதிரே 'ஜூன்' என்று எழுதினாள். மிச்சப் பட்டாணியை உரித்தாள். ஒரு பெண் தன் உயிரை அவள் கட்டிலுக்கு அடியில் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போயிருந்தாள். ஆக்னஸுக்கு அது கெடு நீட்டிக் கேட்ட வாடிக்கைக்காரியின் பேச்சு மாதிரிதான் பட்டது.

அதற்குப் பிறகும் பவ்யா வாங்கினாள். இரும்பு தோசைக்கல், அரிசி போட ஒரு டப்பா, ஜல்லிக் கரண்டி, சொம்பு, வடிதட்டு. ஏப்ரல் வந்தபோது அந்தப் பெட்டிக்குள் ஒரு சின்னக் குடித்தனமே உட்கார்ந்திருந்தது. அடுப்பும் அரிசியும் இருந்தால் அன்றைக்கே பொங்கிச் சாப்பிடலாம்.

ஏப்ரல் நடுவில் ஒரு புதன்கிழமை, பவ்யாவிடமிருந்து குரல் செய்தி வந்தது. எப்போதும் எழுத்தில் வருகிறவள். குரலும் வேறு மாதிரி இருந்தது, வங்கியில் பேசுகிற மாதிரி மரியாதையாக.

"வணக்கங்க. நாலு தட்டு இட்லிப் பானை ஒண்ணு வேணுங்க, பெருசு. அட்ரஸ் கீழ போட்டிருக்கேன். கூரியர் சார்ஜ் எவ்வளவுனு சொல்லுங்க, சேத்து அனுப்பிடறேன்."

அவள் பேச்சுக்கு நடுவே ஒரு வயதான பெண்ணின் குரல், "மூடியில ஆவி போற ஓட்டை இருக்கானு கேளு" என்றது. ஓட்டை இருந்தது. ஆக்னஸ் பெட்டி அளவைக் கணக்குப் போட்டாள். முப்பத்தைந்து முப்பத்தைந்து முப்பத்தைந்து. எட்டரை கிலோவுக்கு மேல் வந்தது, பானை என்னவோ மூன்று கிலோதான். முந்நூற்று நாற்பது ரூபாய் கூரியர் என்று எழுதினாள். ஐந்து நிமிடத்தில் பானை விலையும் முந்நூற்று நாற்பதும் வந்து சேர்ந்தன.

மறுநாள் காலை அவள் பானையை எடுத்து முன்னறையில் வைத்தாள். நோட்டைத் திறந்தாள். பவ்யா, அதே நம்பர். இத்தனை மாதமாக வராத முகவரி இப்போது வந்திருக்கிறது. ஐந்தரை கிலோ காற்றுக்கு அந்தப் பெண் காசு கட்டியிருக்கிறாள், கட்டிலுக்கு அடியில் அவளுடைய பெட்டியே சும்மா கிடக்கிறது. சேர்த்து வைத்தால் இருபது முப்பது ரூபாய் கூட ஆகும், அவ்வளவுதான். 'ஜூன்' என்று எழுதியிருந்ததையும் பார்த்தாள். ஜூன் வரைக்கும் என்று கேட்டிருந்தாள், முன்னாலேயே வேண்டியிருக்கிறது போல என்று நினைத்துக்கொண்டாள். மோட்டார் சத்தமும், மொட்டைமாடியும், 'வாசல் தாண்ட விடமாட்டாங்க' என்ற சொல்லும் அவள் மனதில் எழவே இல்லை. கையை நீட்டிப் பெட்டியை இழுத்தாள்.

அன்றைக்கு அவள் அடுக்கியது போல அதற்கு முன்னால் அடுக்கியதில்லை. தோசைக்கல்லைத் துணி சுற்றி அடியில் கிடத்தினாள். அதன் மேல் இட்லிப் பானை. தட்டுகளைக் கழற்றி எடுத்துவிட்டுப் பானைக்குள் வாணலியை இறக்கினாள். வாணலிக்குள் குண்டான், குண்டானுக்குள் பால் பாத்திரம், அதற்குள் மூன்று டம்ளரையும் ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகி நிறுத்தினாள். சொம்பு மூலையில் ஒண்டிக்கொண்டது. ஜல்லிக் கரண்டியைத் தினத்தாளில் சுருட்டிச் சந்தில் சொருகினாள். அரிசி டப்பாவுக்கு மட்டும் இடமில்லாதது போல இருந்தது. பானையைக் கால் சுற்று திருப்பினாள், டப்பா போய் உட்கார்ந்துகொண்டது. மேலே தட்டுகளைப் பரப்பினாள். பெட்டியை ஆட்டிப் பார்த்தாள், சத்தமே இல்லை. ரொம்ப நாளைக்குப் பிறகு கையில் ஒரு திருப்தி தெரிந்தது. கடைசியில் எப்போதும் போலச் சீட்டு எழுதி மேலே வைத்தாள். பொருளின் பெயர், வாங்கிய தேதி, விலை. நவம்பர் ஒன்பதில் ஆரம்பித்துப் பதினொரு வரி.

கூரியர் கடை மெயின் ரோட்டில் மருந்துக்கடைக்குப் பக்கத்தில். அங்கே கவுண்டரில் உட்கார்ந்திருப்பவன் ஹேமநாதன், நாற்பது வயசுக்காரன், வாய் ஓயாதவன். பெட்டியைத் தராசில் தூக்கி வைத்துவிட்டு எண்ணைப் பார்த்தான்.

"ஒம்போது கிலோ இருநூறு. இன்னாக்கா, ஊட்டயே உள்ள தூக்கி வெச்சிகினியா?"

"பாத்திரந்தான். ஒரே பொண்ணுக்கு."

"தனிக்குடித்தனம் போவுதா பொண்ணு?"

ஆக்னஸுக்கு உள்ளே எங்கோ ஒன்று அசைந்தது. எதையோ மறந்துவிட்டு வந்த மாதிரி. என்ன என்று நின்று யோசித்தாள். கேஸ் அடுப்பை அணைக்கவில்லையோ என்று தோன்றியது. ரசீதை வாங்கிக்கொண்டு வேகமாக வீட்டுக்கு நடந்தாள். அடுப்பு அணைந்துதான் இருந்தது. பார்சல் நம்பரைப் பவ்யாவுக்கு அனுப்பிவிட்டு, மத்தியானச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தாள்.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு பவ்யா கூப்பிட்டாள். இந்தத் தடவை மோட்டார் சத்தம் இல்லை. குழாயைத் திறந்துவிட்டுப் பேசுகிறாள், பாத்ரூம் போலிருக்கிறது.

"அக்கா, பார்சல் நம்பரப் போட்டுப் பாத்தேன். ஒம்பது கிலோனு காட்டுது. இட்லிப் பானை ஒம்பது கிலோ வராதுல்ல?"

"வராதும்மா. பானை மூணு கிலோ. உன் பெட்டியையும் சேத்துட்டேன். எப்படியும் காத்துக்குக் காசு குடுக்குறே, அதான்..."

பவ்யா குழாயை இன்னும் பெரிதாகத் திறந்துவிட்டாள்.

"அக்கா, நான் தனியாத்தானே காசு போட்டேன்" என்றாள் பவ்யா. "பானைக்கு மட்டும்தானே முழு சார்ஜும் போட்டேன். பக்கத்துலயே அத்தை உக்காந்திருந்தாங்க. வேற எப்படிச் சொல்லுவேன்?"

அப்போதுதான் ஆக்னஸுக்கு ஜனவரி மாதத்துப் பேச்சு முழுசாக ஞாபகம் வந்தது. ஒரு சொல் விடாமல் வந்தது. அத்தனையும் காதில் விழுந்துதான் இருந்திருக்கிறது. "இரும்மா, நான் நிறுத்தறேன்" என்று சொல்லிவிட்டு, செருப்பைக்கூட மாட்டாமல் தெருவில் இறங்கினாள்.

ஹேமநாதன் அவள் வந்த கோலத்தைப் பார்த்து, அவள் சொன்னதையும் கேட்டுவிட்டு ஒன்றும் கிண்டல் செய்யவில்லை. பூந்தமல்லி பைபாஸ் குடோனுக்குப் போன் போட்டான். வண்டி ராத்திரியே கிளம்பிவிட்டது என்றார்கள். சேலத்துக்குப் போட்டான். டெலிவரிக்கு எடுத்துக்கொண்டு போயாகிவிட்டது என்றார்கள். எடுத்துக்கொண்டு போன ஆளின் நம்பரைக் கெஞ்சி வாங்கினான். மூன்று முறை அடித்தும் எடுக்கவில்லை.

"வண்டி ஓட்டிகினு இருப்பான்கா, எடுக்க மாட்டான். அந்தப் பொண்ணையே வாசல்ல நிக்கச் சொல்லு. அதுவே வாங்கிக்கட்டும், ஊட்டுக்குள்ள போவாம."

ஆக்னஸ் பவ்யாவுக்குச் சொன்னாள். வாசலில் நிற்கிறேன் என்று பதில் வந்தது. பிறகு, 'அத்தை கூப்பிடுறாங்க' என்று ஒன்று வந்தது. அதற்குப் பிறகு எதுவும் வரவில்லை. கவுண்டருக்கு முன்னால் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியில் ஆக்னஸ் உட்கார்ந்தாள். ஆட்கள் வந்தார்கள், கவர் கொடுத்தார்கள், போனார்கள். ஹேமநாதன் ஒவ்வொருவருக்கும் நடுவில் அந்தப் பார்சல் நம்பரைத் தட்டிப் பார்த்தான். பன்னிரண்டே காலுக்கு அவன் கம்ப்யூட்டர் திரையை அவள் பக்கம் திருப்பினான். டெலிவரி ஆகிவிட்டது. பெற்றுக்கொண்டவர் என்ற இடத்தில் ஞானசேகரன் என்று இருந்தது.

"யாருக்கா இது?"

"அவ வீட்டுக்காரரா இருக்கும்" என்றாள் ஆக்னஸ். அந்தப் பெயரை அன்றைக்குத்தான் முதல்முதலாகப் பார்க்கிறாள். ஆறு மாதமாக ஒரு பெண் யாரிடமிருந்து தப்பிக்கப் பார்க்கிறாள் என்பதை அவள் கேட்டதே இல்லை.

இதற்குப் பிறகு மூன்று வாரம் பவ்யாவிடமிருந்து ஒன்றும் இல்லை. ஆக்னஸ் அனுப்பிய செய்திகள் ஒற்றை டிக்கோடு நின்றன. போன் போட்டால் அணைத்து வைக்கப்பட்டுள்ளது என்றது. போலீசுக்குச் சொல்லலாமா என்று ஒருநாள் நினைத்தாள். என்னவென்று சொல்வாள்? வாங்கின பாத்திரத்தை வாங்கினவள் வீட்டுக்கே அனுப்பினேன் என்றா? முகவரி கையில் இருந்தது. சேலத்துக்குப் பஸ் ஏறிப் போய் வாசலில் நின்றால் என்ன என்றும் நினைத்தாள். நின்று, யார் நீ என்று கேட்டால் சொல்வதற்கு ஒன்றும் இல்லை. தான் போனால் அந்தப் பெண்ணுக்கு இன்னும் கேடாக முடியும் என்ற பயமும் இருந்தது. பயம் என்று அதற்குப் பெயர் வைக்கவே அவளுக்குச் சில நாள் ஆயிற்று. வழக்கம்போலச் சனிக்கிழமை படம் போட்டாள், வழக்கம்போலப் பெட்டி கட்டினாள். ஒவ்வொரு பெட்டியையும் ஒட்டுவதற்கு முன்னால், வாங்கினவர்களுக்குப் போன் செய்து, சேர்த்துத்தான் அனுப்பவா, இந்த முகவரிக்குத்தான் அனுப்பவா என்று கேட்டாள். சிலர் எரிந்து விழுந்தார்கள்.

மே முதல் வாரத்தில், சாயங்காலம் நாலு மணிக்கு, தெரியாத நம்பரிலிருந்து அழைப்பு வந்தது.

"வணக்கங்க. சேலத்துலயிருந்து பவ்யா பேசறேன். இது அத்தை நம்பர்."

ஆக்னஸ் கட்டிலில் உட்கார்ந்தாள். "சொல்லும்மா."

"உங்ககிட்ட ஒரு லிட்டர் குண்டான் வாங்கினது இருக்குல்லங்க, அதுக்கு மூடி தனியா கிடைக்குமானு அத்தை கேக்கறாங்க. எல்லாப் பாத்திரமும் அவங்களுக்குப் பிடிச்சுப் போச்சு. அடுக்களையில எடுத்து அடுக்கிட்டாங்க. தினமும் அதுலதான் சமைக்கிறேன்."

ஸ்பீக்கரில் போட்டிருந்தார்கள். அறையின் சத்தம் தெரிந்தது. மின்விசிறி ஓடியது, டி.வி. ஓடியது, ஒரு குழந்தை எதையோ தரையில் தட்டிக்கொண்டிருந்தது.

"மூடி இருக்கும்மா" என்றாள் ஆக்னஸ். பிறகு, வேறு எப்படிக் கேட்பது என்று தெரியாமல், "ஜூன்ல ஒரு லாட் வருது. உனக்கு எதுவும் எடுத்து வெக்கட்டுமா?" என்று கேட்டாள்.



"வேண்டாங்க. இனிமே எதுவும் எடுத்து வெக்க வேண்டாம். தேவைப்படாது."

"பாப்பாவுக்கு ஸ்கூல்?"

"இங்கேயே சேத்தாச்சுங்க. அவரே போய்ச் சேத்துட்டு வந்துட்டாரு." குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் ஆக்னஸ் பிழைத்திருப்பாள். "நீங்க ரொம்ப நல்லா பேக் பண்ணியிருந்தீங்க. ஒண்ணுகூட நசுங்கல. சீட்டுல தேதியெல்லாம்கூடத் தெளிவா எழுதியிருந்தீங்க. அவரு வரிசையாப் படிச்சுப் பாத்தாரு."

"பவ்யா..."

"மூடிக்குக் கூரியர் சார்ஜ் எவ்வளவுங்க?"

"அறுபத்தஞ்சு" என்றாள் ஆக்னஸ். கேட்டதும் வாய் தானாகச் சொல்லிவிட்டது.

போனை வைத்த பிறகு அவள் அதே இடத்தில் இருந்தாள். நெஞ்சில் ஏதோ வலித்தது. வாயுப் பிடிப்பு என்று முதலில் நினைத்தாள். பிறகு அது துக்கம்தான் என்று தெரிந்தது. இத்தனை நாளாக எங்கேயோ நின்றிருந்தது வந்து சேர்ந்துவிட்டது. அந்த வாணலியில் இப்போது யாருக்காகவோ வதக்கிக்கொண்டிருப்பாள் அந்தப் பெண். தனக்கென்று ஒவ்வொன்றாக வாங்கியதையெல்லாம் தினமும் தேய்த்துக் கழுவி, அதே வீட்டு அலமாரியில் கவிழ்த்து வைக்க வேண்டும். யாரும் அவளை அடைத்து வைக்கக்கூட வேண்டாம், அலமாரியைத் திறந்தாலே போதும். ஆக்னஸ் எழுந்துபோய் முகம் கழுவினாள், மறுபடியும் கழுவினாள்.

மறுநாள் காலை அந்த மூடியைத் தேடி எடுத்தாள். தினத்தாளில் சுற்றி, கெட்டிக் கவருக்குள் போட்டு ஒட்டினாள். சீட்டு எழுதவில்லை. கூரியர் கடைக்கு எடுத்துப் போய்க் கவுண்டரில் வைத்தாள். ஹேமநாதன் முகவரியைப் படித்தான், அவளைப் பார்த்தான், கவரைத் தராசில் வைத்தான்.

"முன்னூறு கிராம்கூட வர்ல. கூட ஏதனா வெக்கணுமாக்கா? அர கிலோ வரிக்கும் அதே காசுதான், சேத்துப் போட்டுக்கலாம்."

"இல்ல. இது மட்டுந்தான்."

அவன் சரி என்று ரசீது அடிக்க ஆரம்பித்தான். ஆக்னஸ் கவரிலிருந்து கையை எடுக்கவில்லை. பின்னால் இரண்டு பேர் நின்றார்கள்.

"அந்தப் பொண்ணு வரல ஹேமநாதா" என்றாள். "இனிமே வரமாட்டா. பெட்டிய நான்தான் அவ வீட்டுக்கே அனுப்பிவெச்சேன்."

"உடுக்கா. நீ இன்னா வேணும்னேவா பண்ணே? வேல மும்முரத்துல மறந்துட்டே. யாருக்குத்தான் மறதி இல்ல?"

"மறக்கலப்பா." அவள் குரல் உடைந்துபோயிற்று. "மறந்திருந்தாகூடப் பரவாயில்ல. அவ அவ்வளவும் சொன்னா, நான் பட்டாணி உரிச்சிக்கிட்டு சரிம்மா சரிம்மான்னேன். அன்னிக்கே நான் அவ சொன்னதைக் கேக்கல."

 பின்னால் நின்றவர்கள் வேறு பக்கம் பார்த்தார்கள். அவள் அழுது முடிக்கும்வரை ஹேமநாதன் அந்தக் கவரைத் தராசிலிருந்து எடுக்காமல் வைத்திருந்தான்.